சிசிர ருதுவும் மின்விசிறியும்

(டெல்லியில் நம் சங்கத்தின் மாசி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நம் காரியதரிசி சொன்னார். மண், உரம், பூச்சி மருந்து என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் சில வருஷங்களாக நம் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கின்றன. "இந்தத் தடவை துளசி பட்டுப்போகவே இல்லையே, எப்படி?" என்று ஒரு மாமி கேட்கிறார். "பிப்ரவரியிலேயே ஸ்வீட் பீ காய்ந்துவிட்டதே, தண்ணீர் போதவில்லையா?" என்கிறார் ஒரு மாமா. "வாலாட்டிக் குருவியைக் காணோமே" என்று இன்னொருவர். இந்த எல்லாக் கேள்விகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான். குளிர்காலத்தில் குளிர் குறைந்துகொண்டு வருகிறது. அதனால் செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் என்ன ஆகிறது என்பதையே இன்று பேச எடுத்துக்கொள்கிறேன்.

தினமும் ஸங்கல்பம் செய்கிறவர்களுக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் 'ஹேமந்த ருதௌ' என்று சொல்கிறோம். மாசி, பங்குனியில் 'சிசிர ருதௌ' என்று சொல்கிறோம். தமிழில் முன்பனி, பின்பனி. சிவராத்திரி வந்தால் குளிர் 'சிவ சிவா' என்று போய்விடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாக்கு. அதாவது சிவராத்திரி வரையிலாவது குளிர் இருக்கும் என்று பொருள்.

2025-ல் மஹா சிவராத்திரி பிப்ரவரி 26-ஆம் தேதி வந்தது. அன்று இரவு கண்விழித்து நான்கு கால பூஜையும் முடிந்து விடிந்தபோது, சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 19.5 டிகிரி. 1951-லிருந்து உள்ள கணக்கில் பிப்ரவரி மாதத்தில் அத்தனை வெப்பமான இரவு அங்கே பதிவானதில்லை. 'சிசிர ருதௌ' என்று ஸங்கல்பம் செய்த கையாலேயே பலர் மின்விசிறியைப் போட்டோம்.

பஞ்சாங்கத்தின் தவறா?

இந்த இடத்தில் ஜோதிடம் தெரிந்தவர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். நியாயமான ஆட்சேபம்தான். "நம் பஞ்சாங்கம் நிராயனக் கணக்கு. உண்மையான உத்தராயணம் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதியே ஆரம்பித்துவிடுகிறது. நாம் ஜனவரி 14-ல் மகர சங்கராந்தி கொண்டாடுகிறோம். அயனாம்சம் சுமார் 24 டிகிரி ஆகிவிட்டது. ஆகவே ருதுக்கள் நம் மாதக் கணக்கை விட்டு விலகிப்போனது இயற்கை" என்பார்கள்.

சரி. ஆனால் அந்த விலகல் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று பாருங்கள். சுமார் 71, 72 வருஷங்களுக்கு ஒரு நாள். இந்த ஊருக்கு நாம் வந்து நாற்பது வருஷம் ஆயிற்று என்றால், அதற்குள் பஞ்சாங்கம் விலகியிருப்பது அரை நாளுக்குச் சற்று அதிகம். நாம் பார்க்கிற மாறுதலோ வாரக்கணக்கில் இருக்கிறது. அதைப் பஞ்சாங்கத்தின் தலையில் கட்ட முடியாது.

நம் ஊரில் கட்டடமும் காரும் ஏர்கண்டிஷனரும் பெருகியதால் இரவில் உஷ்ணம் தங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் இது டெல்லியோடு நிற்கிற சமாசாரம் இல்லை. இந்திய வானிலைத் துறையிடம் 1901 முதல் தேசம் முழுவதற்குமான கணக்கு இருக்கிறது. அதன்படி 2023 பிப்ரவரியில் பகல் வெப்பம் அதுவரை எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. 2025 பிப்ரவரியில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி 22.04 டிகிரி. இருக்க வேண்டியது 20.70. 1901-க்குப் பின் அதுவே மிக வெப்பமான பிப்ரவரி. 2024-ஆம் வருஷம் முழுவதையும் எடுத்தால், 1901-லிருந்து மிக வெப்பமான வருஷம் அதுதான்.

ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் டெல்லியில் நாள் கணக்காக மூடுபனி இறங்கி, வெயிலே படாமல் பகலில் நடுங்கினோம். அதே ஜனவரியில் காஷ்மீரத்தில் குல்மார்க் சரிவுகளில் பனியைக் காணாமல் சுற்றுலா வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து இமயமலையில் பனியையும் இங்கே குளிர்கால மழையையும் கொட்டிவிட்டுப் போகிற மேகக் கூட்டம் அந்த மாதம் சரியாக வரவில்லை. நமக்கு ஸ்வெட்டர் தேவைப்பட்டதால் மலையிலும் குளிர்காலம் சரியாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செடியின் இரண்டு கடிகாரங்கள்

செடிக்கு எப்படித் தேதி தெரியும்? அதற்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு.

ஒன்று, பகல் எவ்வளவு நீளம், இரவு எவ்வளவு நீளம் என்ற கணக்கு. சாமந்தி இதைப் பார்த்துத்தான் பூக்கிறது. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். பறவைகள் கிளம்புவதற்கும் பெரும்பாலும் இந்தக் கணக்கே ஆதாரம். இந்தக் கடிகாரம் சூரியனைச் சார்ந்தது. எத்தனை கார் ஓட்டினாலும் டிசம்பர் 21-ஆம் தேதிப் பகல் ஒரு நிமிஷம்கூட நீளாது.

இரண்டாவது கடிகாரம் உஷ்ணத்தைப் பார்த்து ஓடுகிறது. ஆப்பிள், பாதாம், பீச் போன்ற குளிர்தேச மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகின்றன. தூங்கும்போது குளிரை எண்ணிக்கொண்டே இருக்கின்றன. சுமார் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தது என்ற கணக்கு பூர்த்தியானால்தான் மொட்டு விழிக்கத் தயாராகும். பிறகு வெயில் ஏறினால் மலரும். ஜனவரியில் நாலு நாள் வெயில் அடித்ததும் அவசரப்பட்டுப் பூத்து, அடுத்த வாரப் பனியில் கருகிப் போகாமலிருக்க இயற்கை வைத்த பூட்டு இது.

குளிர் போதாவிட்டால் இந்தப் பூட்டு சரியாகத் திறப்பதில்லை. ஒரே கிளையில் ஒரு மொட்டு மலர்ந்திருக்கும், பக்கத்து மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை பூர்த்தியாகி, பின்பனிக் காலமும் வெப்பமாக இருந்தாலோ பூ முன்கூட்டியே வந்துவிடும். இரண்டு விதத்திலும் கஷ்டம்தான். ஏனென்றால் பூவைத் தேடி வருகிற தேனீயும், புழுவைத் தேடி வருகிற பறவையும் வேறு கடிகாரம் பார்த்து வருகின்றன. இதுவரை இரண்டு கடிகாரமும் ஏறக்குறைய ஒரே மணி காட்டி வந்தன. இப்போது ஒன்று வேகமாக ஓடுகிறது. மற்றது அப்படியே இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

நம் வீட்டு மாடியில்

முதலில் லாபத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் தெற்கிலிருந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்து வளர்க்கிற செடிகளுக்கு மிதமான குளிர் சௌக்கியம். துளசி டெல்லிக் குளிரில் இலை கருத்து, வெறும் குச்சியாகிவிடும். ராத்திரியில் அதற்குப் பழைய வேஷ்டியோ துப்பட்டாவோ போர்த்தி, காலையில் எடுத்துவிட்டுப் பிரதட்சிணம் செய்கிற மாமிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கறிவேப்பிலை டிசம்பரில் மஞ்சளாகி உதிர்ந்து, மார்ச்சில்தான் துளிர்க்கும். குளிர் குறைந்த வருஷங்களில் இரண்டுமே பச்சையாகத் தப்பிக்கின்றன. மல்லிகையும் சீக்கிரம் அரும்பு கட்டுகிறது.

இதைவிடப் பெரிய லாபமும் உண்டு. நம் வயதானவர்களுக்கு மூட்டுவலியும் மூச்சிரைப்பும் குறைகின்றன. பாலத்தடியில் படுத்துத் தூங்குகிற ஏழைகளுக்குக் கடுங்குளிர் என்பது உயிர்ப் பிரச்னை. ஆகவே பழைய குளிர் திரும்பி வரட்டும் என்று சுலபமாக ஏங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே துளசியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். சல்லடை போன்ற இறகு உள்ள சின்னஞ்சிறு பூச்சிகள் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை வெளுத்துச் சுருளும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். குளிர் இவற்றை முழுக்கக் கொல்லாவிட்டாலும் பெருகுவதை நிறுத்திவைக்கும். முட்டை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிடக் குளிரில் பல வாரங்கள் ஆகும். இளம் வெயிலில் அது பாதியாகக் குறைந்துவிடும். குளிர்காலம் சுருங்கினால் வருஷத்துக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு தலைமுறை. மார்ச்சில் அவை நூறிலிருந்து ஆரம்பிப்பதற்கும் ஆயிரத்திலிருந்து ஆரம்பிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் செடிதான் அனுபவிக்கிறது.

டெங்கு கொசுவும் இப்படித்தான். இந்த ஊரில் நவம்பர் கடைசியில் குளிர் இறங்கினால்தான் அதன் கொட்டம் அடங்கும். நவம்பர் வெப்பமாக இருந்தால் நம் கவலையும் டிசம்பர் வரை நீளுகிறது.

இனி குளிர்காலப் பூச்செடிகள். பெட்டூனியா, பான்ஸி, ஃப்ளாக்ஸ், ஸ்வீட் பீ, டேலியா என்று அக்டோபரில் விதைத்து, பிப்ரவரி முழுதும் மார்ச் பாதி வரையிலும் பூக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பகல் 30 டிகிரியைத் தாண்டினால் இவற்றுக்கு ஆயுசு முடியப்போகிறது என்று தோன்றிவிடும். அவசரமாக விதை கட்டிக்கொண்டு காய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லையா என்று கேட்ட மாமாவுக்கு இதுவே பதில். தண்ணீர் போதியது, குளிர்தான் போதவில்லை. ரோஜா மொட்டும் வெயிலில் நிதானமாக விரிய நேரமில்லாமல், சிறுத்து, இரண்டே நாளில் கொட்டிவிடுகிறது. சாந்தி பத் சாலையில் நகராட்சி லட்சத்துக்கும் மேல் ட்யூலிப் கிழங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நடுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அவை குளிரூட்டி அனுப்பப்பட்ட கிழங்குகள். இங்கே வெயில் ஏறியதும் அவற்றின் காட்சி சில நாளில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு நம் மாடியில் ட்யூலிப் வைக்க வேண்டும் என்று யாரும் காசைச் செலவழிக்க வேண்டாம்.

மாமரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மா நம் தேசத்து மரமானாலும் பூக்கொத்து உருவாவதற்குச் சில வாரம் குளிர்ந்த இரவுகள் வேண்டும். இரவு குளிராவிட்டால், பூ வர வேண்டிய நுனியிலிருந்து தளிர் வந்துவிடும். பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். காய் இருக்காது.

மலையில் நடப்பது

நமக்கு இது பூத்தொட்டி விஷயம். மலையில் இருப்பவர்களுக்கு ஜீவனம்.

ஹிமாசலத்தில் சிம்லாவுக்கு மேலே கோட்கட் என்ற ஊரில், அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியராகவே வாழ்ந்து சத்யானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1910-களில் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். அந்த மலைகளின் செல்வமெல்லாம் அதிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பு டெலிஷியஸ் வகைக்குக் குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். அடிவாரத் தோட்டங்களில் இப்போது அது கிடைப்பதில்லை. குலுப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளிலும் சோலன் பக்கத்திலும் பலர் ஆப்பிளை விட்டு மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறிவிட்டார்கள். ஆப்பிள் மரம் மேலே மேலே ஏறி, ஒரு காலத்தில் குளிர் அதிகம் என்று ஒதுக்கிவைத்த கின்னௌர், லாஹௌல் வரை போய்விட்டது. மலையில் ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் சிகரம் வந்துவிடும். அதற்கு மேல் நிலம் கிடையாது.

ஆப்பிள் பூக்கிற சமயத்தில் தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து மரத்தடியில் வைப்பார்கள். பூ முன்னதாக வந்து, அந்த வாரம் வானிலை திரும்பிக் குளிர்ந்தால் தேனீ பெட்டியை விட்டு வெளியே வராது. பூத்த பூ காயாகாது. பெட்டிக்குக் கொடுத்த வாடகையும் போயிற்று. அப்போது ஆலங்கட்டி மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹிமாசலத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹரிமன் சர்மா என்ற விவசாயி, குளிர் அதிகம் கேட்காத ஒரு ஆப்பிள் வகையைத் தாழ்ந்த குன்றுப் பகுதியிலேயே வளர்த்துக் காட்டினார். எச்.ஆர்.எம்.என். 99 என்று அதற்குப் பெயர். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் இருபது, முப்பது வருஷம் வளர்த்த மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைப்பது சிறிய குடியானவனுக்கு லேசான காரியம் இல்லை.

உத்தராகண்டுக்கு வருவோம். அங்கே புரான்ஷ் என்று ஒரு மரம். காடு முழுவதும் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். அந்த மாநிலத்தின் மரம் அதுவே. பூவைப் பிழிந்து ஷர்பத் செய்வார்கள். நம் நீலகிரியில் இருக்கிற காட்டுப் பூவரசு இதற்கு நெருங்கிய சொந்தம். வழக்கமாக வசந்தத்தில் பூக்கிற இது சமீப வருஷங்களில் ஜனவரியிலேயே பூத்த செய்திகள் வருகின்றன. அல்மோராவில் உள்ள கோவிந்த வல்லப பந்த் இமாலய ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், உலர்த்திப் பாதுகாத்து வைத்த பழைய பூங்கிளைகளின் தேதிகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, நூறு வருஷத்தில் புரான்ஷ் பூக்கும் காலம் ஏறத்தாழ மூன்று மாதம் முன்னால் நகர்ந்துவிட்டது என்று 2014-ல் எழுதினார்கள். குளிர்கால வெப்பம் ஏறியதே காரணம் என்றும் காட்டினார்கள்.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. மீன சங்கராந்தி அன்று, அதாவது மாசியும் பங்குனியும் கூடுகிற நேரத்தில், நம் அகத்துப் பெண்கள் காரடையான் நோன்பு நூற்கிறார்கள். அதே சங்கராந்தியில் குமாவுன், கர்வால் கிராமங்களில் 'பூல் தேயி' பண்டிகை. குழந்தைகள் விடியற்காலையில் காட்டுக்குப் போய் புரான்ஷ் பூவும் மஞ்சள் நிறப் ப்யோன்லிப் பூவும் பறித்து வந்து, ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் தூவி, அந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். நமக்கு அன்று அரிசி மாவும் வெல்லமும் காராமணியும். எத்தனை நூறு மைல் இடைவெளி இருந்தாலும் சூரியன் ஒன்று, நாள் ஒன்று. ஆனால் பண்டிகை சூரியனைப் பார்த்து வருகிறது. பூ குளிரைப் பார்த்து வருகிறது. புரான்ஷ் ஜனவரியில் பூத்து உதிர்ந்துவிட்டால், மார்ச் 14-ஆம் தேதி கூடையை எடுத்துக்கொண்டு போகிற குழந்தை எதைப் பறிக்கும்?

பறவையும் பல்லியும்

குளிர்காலத்தில் நம் புல்வெளியில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளை வாலாட்டிக் குருவிக்கு சமஸ்கிருதத்தில் கஞ்ஜனம் என்று பெயர். வராஹமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில் இந்த ஒரு குருவியைப் பற்றியே தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். அது முதலில் கண்ணில் படும் இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பலன் சொல்வது வழக்கம். பலனை நம்புகிறோமோ இல்லையோ, அதற்காகவாவது ஜனங்கள் அந்தக் குருவி எப்போது வந்தது என்று கவனித்தார்கள்.

வடக்கே ஏரிகள் உறைவதால்தான் வாத்துகளும் நாரைகளும் நம் பக்கம் வருகின்றன. அங்கே உறைவது தாமதமானால், எதற்காக இத்தனை தூரம் பறக்க வேண்டும்? ஐரோப்பாவில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள். ரஷ்யாவின் வடக்கிலிருந்து பிரிட்டன் வரை வந்துகொண்டிருந்த பெவிக் அன்னங்கள் இப்போது பாதி வழியிலேயே, ஜெர்மனியிலும் ஹாலந்திலும் தங்கிவிடுகின்றன. நம் தேசத்தில் பறவை குறைவதற்கு ஏரியைத் தூர்ப்பது, ஆற்றில் சாக்கடை விடுவது என்று வேறு பாவங்களும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் வெயில் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் இமயமலையைத் தாண்டி வந்து, ஹிமாசலத்தின் போங் அணையிலும் பரத்பூரிலும், நம் திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளத்திலும்கூட இறங்குகிற வரித்தலை வாத்து எந்த வாரம் வந்தது, எந்த வாரம் போயிற்று என்பது இனி முக்கியமான செய்தி.

வீட்டுக்குள் வருவோம். டெல்லியில் டிசம்பர், ஜனவரியில் பல்லியைப் பார்க்க முடியாது. சுவர் இடுக்கில் முடங்கிவிடும். வெப்பம் ஏறினால் டியூப்லைட் அடியில் வந்து நிற்கும். முன்பெல்லாம் பல்லி விழும் பலன் பார்க்க மார்ச் வரை காத்திருக்க வேண்டும். இப்போது பிப்ரவரியிலேயே பஞ்சாங்கத்தைப் புரட்டலாம். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி உட்கார்ந்திருக்கிற புழுவைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. குளிர்காலத்தைக் கூட்டுப்புழுவாகக் கழித்துவிட்டுக் கறிவேப்பிலை துளிர்க்கும்போது வெளியே வரும். இரண்டும் உஷ்ணத்தைப் பார்த்தே விழிப்பதால் இந்த ஜோடி பிரியாமல் இருக்கிறது. எல்லா ஜோடிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மலையில் கரடி இன்னொரு உதாரணம். பனி இறங்கி இரை குறைந்ததும் குகையில் போய் முடங்க வேண்டிய பிராணி அது. பனி தாமதமாகி, ஊர்க் குப்பையில் தீனியும் கிடைத்தால் அலைந்துகொண்டே இருக்கும். 2025 நவம்பர், டிசம்பரில் உத்தராகண்ட் கிராமங்களில் கரடி தாக்கிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. புல் அறுக்கக் காட்டுக்குப் போகிற பெண்கள்தான் முதலில் அகப்படுகிறவர்கள்.

கடைசியாக, நம் தட்டில் இருக்கிற கோதுமை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் கதிரில் பால் கட்டி மணி முற்றுகிறது. இதமாக இருந்தால் நிதானமாக முற்றிக் கொழுக்கும். வெப்பம் அடித்தால் அவசரமாகப் பழுத்துச் சுருங்கிவிடும். 2022 மார்ச், 1901-லிருந்து மிக வெப்பமான மார்ச்சாக இருந்தது. மணிகள் சிறுத்தன, விளைச்சல் குறைந்தது, ஆட்டா விலை ஏறியது. மே 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கே அரசாங்கம் தடை போட்டது. குளிர் எப்போது போகிறது என்பது ரோஜாத் தொட்டியோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஜப்பானில் க்யோட்டோ நகரத்தில் செர்ரிப் பூ எந்தத் தேதியில் முழுதாக மலர்ந்தது என்று அரண்மனைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக் குறிப்பு இருக்கிறது. பூவைக் கொண்டாட வேண்டும் என்பதற்காக எழுதினார்கள். 2021-ல் மார்ச் 26-ஆம் தேதி முழுதாக மலர்ந்தபோது, இத்தனை நூற்றாண்டில் இவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததில்லை என்று அந்த ஏடுகளை வைத்துச் சொல்ல முடிந்தது. நம்மவர்களுக்கும் இது புதிதில்லை. பிருஹத் ஸம்ஹிதையில் பூக்களையும் கொடிகளையும் பார்த்து விளைச்சலைச் சொல்வதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று தினமும் பார்க்கிற குடும்பங்கள் நாம். அதோடு ஒரு வரி கூட்டிக்கொள்வது சிரமமாகாது.

என் கோரிக்கை இது. நம் சங்கத்து வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். ஒவ்வொரு வருஷமும் ஆறு தேதிகளை எழுதுவோம். வெள்ளை வாலாட்டி முதலில் வந்த நாள், கடைசியாகப் பார்த்த நாள். சுவரில் முதல் பல்லி. இலவ மரத்தில் முதல் சிவப்புப் பூ. மாவில் முதல் பூக்கொத்து. வேம்பு பூத்த நாள். இந்த ஊரில் வேம்பு ஏப்ரலில் பூக்கும். சித்திரை முதல் தேதிப் பச்சடிக்குப் புது வேப்பம்பூ இங்கேயே கிடைத்ததா, ஊரிலிருந்து வந்த உலர்ந்த பூவைப் போட்டோமா என்பதை எந்த மாமியும் மறக்க மாட்டார். யார் பார்த்தார்கள், எந்தக் காலனி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் பழகிய குழந்தைகள் இதே விவரத்தை சீஸன்வாட்ச் என்ற அமைப்புக்கு அனுப்பலாம். மரம் துளிர்ப்பதையும் பூப்பதையும் தேசம் முழுவதிலிருந்தும் சாதாரண ஜனங்கள் எழுதி அனுப்புகிற ஏற்பாடு அது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுவதும் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே சேர்ந்துகொள்ளலாம்.

தோட்டத்துக்கு நாலு யோசனை. பிப்ரவரி நடுவிலிருந்து குளிர்காலப் பூச்செடிகளுக்கு மதிய நேரத்தில் பச்சை வலை கட்டி நிழல் கொடுங்கள். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் தொட்டி மண்மேல் பரப்புங்கள். வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஊரின் புகையும் குறையும். பூச்சி வருமோ என்று மார்ச் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். விஷ மருந்து அடித்தால் பூச்சியைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து போய்விடும். நிவேதனத்துக்குப் பறிக்கிற துளசியில் அது வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலையில் ஒரு கிளையை வண்ணத்துப்பூச்சிக்கு விட்டுவிடுங்கள். ரசத்துக்கு மற்றக் கிளைகள் போதும்.

இன்னொன்று கடைவீதியில். ஆப்பிள் வாங்கும்போது பளபளப்பாக, பெரிதாக, ஒரு வடுகூட இல்லாததாகப் பொறுக்குகிறோம். ஆலங்கட்டி பட்ட வடு தோலோடு சரி, உள்ளே ருசி குறையாது. அப்படிப்பட்ட பழத்தையும் நாம் எடுத்துக்கொண்டால், தப்பித்த கொஞ்சம் பழத்தையாவது மலைக் குடியானவன் விலைக்கு விற்க முடியும்.

நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதால் வருகிற வெப்பத்தை நம் சங்கம் தனியாக நிறுத்திவிட முடியாது. பெரிய தேசங்கள் சேர்ந்து செய்ய வேண்டியதை அவர்கள் செய்யட்டும். கெய்சரைக் கொஞ்சம் குறைவாகப் போடுவதும், கோவிலுக்கு நாலு பேர் ஒரே காரில் வருவதும் நம் பங்கு.

நோட்டுப் புத்தகத்தை நான் கையோடு வாங்கி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் கொடுத்துவிடுகிறேன். இந்த வருஷம் முதல் இலவம்பூவை எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று நினைவிருப்பவர்கள், காபிக்குப் போகுமுன் ஒரு வரி எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.